மர்லின் மன்ரோ படங்களை விற்கும் உரிமை யாருக்கு?

2006 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், டார்கெட் கடை ஒன்றில் ஒரு டி-ஷர்ட் விற்பனையானது. மார்பில் மர்லின் மன்ரோவின் படம். கழுத்தின் உட்புறச் சீட்டில் ஷா குடும்ப ஆவணக் காப்பகத்தின் பெயர். மன்ரோ இறந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் படங்களை வைத்துக் காசு பார்க்கும் உரிமை யாருக்கு என்று அதற்கு முந்தைய ஆண்டே வழக்குகள் தொடங்கிவிட்டன. அந்தச் சட்டை அவற்றில் சான்றுப் பொருளாக வந்து சேர்ந்தது.

ஒரு பக்கம் படம் எடுத்தவர்களின் வாரிசுகள். சாம் ஷா, மில்டன் கிரீன், டாம் கெல்லி ஆகிய மூன்று புகைப்படக்காரர்களின் குடும்பங்களும் நிறுவனங்களும் படங்களுக்கு உரிமம் விற்றுவந்தன. ஷா குடும்பம் அதை இணையதளம் வழியாகவே செய்தது. எதிர்ப்பக்கம் மன்ரோவின் சொத்தை நிர்வகித்த மர்லின் மன்ரோ எல்எல்சி என்ற நிறுவனமும், அதன் முகவரான சிஎம்ஜி வேர்ல்ட்வைடும். படம் உங்களுடையதாக இருக்கலாம், முகம் எங்களுடையது, எங்களைக் கேட்காமல் விற்கக் கூடாது என்பது இவர்கள் கட்சி. சண்டை இண்டியானாவுக்குப் போனதும் தற்செயல் அல்ல. சிஎம்ஜியின் ஊர் அது. அதோடு, ஒரு பிரபலம் இறந்த பிறகும் 100 ஆண்டுகளுக்கு அவருடைய ஆளுமை உரிமை, அதாவது முகத்தையும் பெயரையும் வைத்து வணிகம் செய்யும் உரிமை, வாரிசுகளிடம் இருக்கும் என்று 1994இல் தாராளமாகச் சட்டம் இயற்றிய மாநிலமும் அதுவே.

பழைய நட்சத்திரப் படங்களை ஈபே போன்ற தளங்களில் விற்பவர்கள் மனத்தில் பொதுவாக ஒரே கேள்விதான் இருக்கிறது: ‘படம் பழசுதானே, விற்கலாமா?’ மன்ரோ வழக்குகளைப் படித்தால் அந்தக் கேள்வியே பிழை என்று தெரியும். ஒரு படத்துக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. கையில் இருக்கும் தாள் ஒன்று. அதில் பதிந்த காட்சியைப் பிரதியெடுக்கும் காப்புரிமை இன்னொன்று. படத்தில் இருப்பவரின் முகத்தையும் பெயரையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் ஆளுமை உரிமை மூன்றாவது. மூன்றும் மூன்று பேரிடம் இருக்கலாம். மூன்றின் தலைவிதியையும் தீர்மானிப்பது படத்தின் வயது அல்ல, அந்தக் காலத்தில் யாரோ எழுதிய அல்லது எழுத மறந்த காகிதம்.

இந்த மூன்றும் பிரிந்தே பயணிக்கும் என்பதற்கு டாம் கெல்லியின் படத்தைவிட நல்ல சான்று கிடையாது. 1949இல், கையில் காசில்லாத நிலையில், மன்ரோ சிவப்பு வெல்வெட் விரிப்பின் மேல் ஆடையின்றிப் படம் எடுத்துக்கொண்டார். கூலி 50 டாலர். ஒப்புதல் தாளில் மோனா மன்ரோ என்று வேறு பெயரில் கையெழுத்திட்டார். படம் சிகாகோ பக்கத்து நாள்காட்டி நிறுவனம் ஒன்றுக்குப் போனது. சில ஆண்டுகளில் அவர் பெரிய நட்சத்திரம் ஆனார். 1953இல் ஹ்யூ ஹெஃப்னர் அந்த நிறுவனத்திடம் 500 டாலர் கொடுத்து, அந்தப் படத்தைப் பிளேபாய் முதல் இதழில் போட்டார். இதழ் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. படம் எடுத்தவர், நாள்காட்டி அச்சிட்டவர், பத்திரிகை நடத்தியவர் என்று எல்லாரும் சட்டப்படிதான் நடந்தார்கள். முகத்துக்குச் சொந்தக்காரருக்குக் கிடைத்தது அந்த 50 டாலர் மட்டும்.

அப்படியிருந்தும் அவர் இறந்த பின் அந்த முகத்துக்கு உரிமை கோரி வந்தவர்கள் அவருடைய உறவினர்கள்கூட அல்லர். மன்ரோவின் உயிலில் தாய்க்கும் அதே தாய்க்குப் பிறந்த அக்காவுக்கும் சில ஏற்பாடுகள் இருந்தன. மிச்சச் சொத்தின் பெரும் பகுதி அவருடைய நடிப்பு ஆசான் லீ ஸ்ட்ராஸ்பெர்குக்கும், ஒரு பகுதி மனநல மருத்துவர் மரியான் கிரிஸுக்கும் போனது. ஸ்ட்ராஸ்பெர்க் 1982இல் இறந்தார். அவர் பங்கு மனைவி அன்னாவுக்கு வந்தது. மன்ரோ உயிரோடு இருந்தபோது அன்னா ஸ்ட்ராஸ்பெர்க் குடும்பத்திலேயே இல்லை. 2001இல் சொத்து நிர்வாகம் முடிக்கப்பட்டு, உரிமைகள் மர்லின் மன்ரோ எல்எல்சிக்கு மாற்றப்பட்டன. உலகத்தில் மிக அதிகமாக அச்சான முகங்களில் ஒன்று, அந்தப் பெண்ணோடு பழக்கமே இல்லாதவர்கள் நடத்திய நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது.

நியூயார்க் நீதிமன்றம் 2007 மே மாதம் இதில் கை வைத்தது. நீதிபதி காலீன் மக்மேஹனின் தர்க்கம் எளிமையானது. ஒருவர் இறக்கும்போது தன்னிடம் இருப்பதைத்தான் உயிலில் கொடுக்க முடியும். மன்ரோ 1962இல் இறந்தபோது நியூயார்க், கலிபோர்னியா, இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களில் எதிலும் இறந்தவரின் ஆளுமை உரிமை என்று ஒன்று இல்லை. இல்லாத பொருளை மிச்சச் சொத்தில் சேர்த்து யாருக்கும் எழுதிவைக்க முடியாது. இண்டியானா 1994இல் சட்டம் போட்டால், 1962இல் எழுதாத ஒன்று எப்படி உயிலுக்குள் நுழையும்? ஷா குடும்பத்துக்கு வெற்றி. கலிபோர்னியா நீதிமன்றமும் கிரீன், கெல்லி தரப்பின் வழக்கில் இதே வழியில் சொன்னது.

இங்கேதான் பணமும் அரசியலும் புகுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா அவசரமாகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. செனட்டர் ஷீலா கூல் முன்மொழிந்தார், ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்னெகர் கையெழுத்திட்டார். 1985 ஜனவரி 1க்கு முன் இறந்தவர்களுக்கும் இந்த உரிமை இறக்கும்போதே இருந்ததாகக் கருத வேண்டும், அது மிச்சச் சொத்தோடு போனதாகக் கொள்ள வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். மன்ரோ தீர்ப்பை மாற்றத்தான் இது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீதிமன்றத்தில் தோற்றதைச் சட்டமன்றத்தில் மீட்பது நமக்குப் பழகிய காட்சிதான்.

ஆனால் அந்தச் சட்டத்தின் பயன் கிடைக்க மன்ரோ கலிபோர்னியாவில் நிரந்தரமாக வசித்தவராக இருக்க வேண்டும். பார்க்கப்போனால் அதில் என்ன சிக்கல்? அவர் இறந்தது லாஸ் ஏஞ்சல்ஸின் பிரெண்ட்வுட் பகுதியில், சில மாதங்களுக்கு முன் வாங்கிய சொந்த வீட்டில். நியூயார்க்கிலும் ஓர் அடுக்குமாடி வீடு வைத்திருந்தார். எது ஊர் என்று கேட்டால் யாரும் கலிபோர்னியா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒருவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. உயிலை நிறைவேற்றிய வழக்கறிஞர் ஏரன் ஃப்ராஷ். கலிபோர்னியாவாசி என்று ஒப்புக்கொண்டால் அந்த மாநிலத்துக்குப் பெரிய வாரிசு வரி கட்ட வேண்டிவரும். மன்ரோ நியூயார்க்வாசிதான், கலிபோர்னியாவில் வேலைக்காகத் தங்கியிருந்தார் என்று ஃப்ராஷ் உறுதிமொழிப் பத்திரங்களோடு அதிகாரிகளிடம் வாதாடி வென்றார். கலிபோர்னியாவுக்குப் போனது சுமார் 777 டாலர் மட்டும். 1990களில் தானே மன்ரோவின் மகள் என்று ஒருவர் சொத்தில் பங்கு கேட்டு வந்தபோதும், நியூயார்க் சட்டம்தான் பொருந்தும் என்ற நிலையே சொத்து நிர்வாகத்தைக் காப்பாற்றியது. நாற்பது ஆண்டுகள் எல்லா இடத்திலும் நியூயார்க், நியூயார்க் என்றே சொல்லியாகிவிட்டது. 2007இல் திடீரென்று கலிபோர்னியா வேண்டும் என்றார்கள்.

நீதிமன்றம் சிரிக்காமல்தான் தீர்ப்பு எழுதியது, படிக்கிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு நீதிமன்றத்தில் ஒன்றைச் சொல்லிப் பலன் பெற்றவர், வேறொரு பலனுக்காக அதற்கு நேர்மாறாகப் பேச முடியாது. சட்டத்தில் இதற்கு முரண்தடை என்று பெயர். 2012 ஆகஸ்ட் 30 அன்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மன்ரோ நியூயார்க்வாசியாகவே இறந்தார், நியூயார்க்கில் அப்போது இறந்தவருக்கு ஆளுமை உரிமை கிடையாது, எனவே வாரிசு நிறுவனத்துக்கும் கிடையாது. அன்றைக்கு மிச்சம் பிடித்த வரி, உரிமத் தொகையாக வரவேண்டிய பல மடங்கு பணத்தை விழுங்கிவிட்டது. நியூயார்க் பின்னாளில் 40 ஆண்டு ஆளுமை உரிமை தரும் சட்டம் இயற்றியது உண்மை. ஆனால் அது 2021 மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த பின் இறப்பவர்களுக்கு மட்டும். மன்ரோவுக்கு உதவாது.

இதனால் இனி மன்ரோ படத்தை யாரும் எப்படியும் விற்கலாம் என்று முடிவுகட்ட வேண்டாம். பெயரும் கையெழுத்தும் வணிகச் சின்னங்களாகப் பதிவாகியிருக்கின்றன. 2011இல் உரிமைகளை வாங்கிய ஆதென்டிக் பிராண்ட்ஸ் குழுமம் பின்னர் அந்த வழியில்தான் வழக்கு நடத்தியது. ஒரு பழைய படத்தை மன்ரோ படம் என்று குறிப்பிட்டு விற்பது விவரம் சொல்வது. அங்கீகரிக்கப்பட்ட வெளியீடு என்ற தோற்றம் வரும்படி சீட்டு ஒட்டுவது வேறு சங்கதி.

புகைப்படக்காரர் குடும்பங்களுக்கு முழு வெற்றி கிடைத்துவிட்டதா? அதுவும் இல்லை. முகத்தின் வழக்கில் வென்ற கிரீன் ஆவணக் காப்பகம், அதற்கு முன்பே காப்புரிமை வழக்கு ஒன்றில் தோற்றிருந்தது. பிபிஐ கம்யூனிகேஷன்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் மீது அது தொடுத்த வழக்கில், 2005இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் மில்டன் கிரீன் எடுத்த சில மன்ரோ படங்களுக்குக் காப்புரிமையே இல்லை என்றது. மேல்முறையீட்டிலும் அது நின்றது.

காரணம் ஒரு சிறு குறி. 1909ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படும் புகைப்படத்தில் வட்டத்துக்குள் சி என்ற எழுத்தோ காப்புரிமை என்ற சொல்லோ, அதோடு உரிமையாளர் பெயரும் இருக்க வேண்டும். இல்லாமல் வெளியிட்டால் படைப்பு அன்றே பொதுச்சொத்து. திரைப்பட நிறுவனங்கள் விளம்பரத்துக்காக எடுத்த ஸ்டில்களைக் கட்டுக்கட்டாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பின. யாரும் கேட்காமல் அச்சிட வேண்டும் என்பதுதான் அவற்றின் ஆசை. உரிமைக் குறி போட்டால் பத்திரிகைக்காரர் தயங்குவார். ஆகவே போடவில்லை. இலவச விளம்பரம் கிடைத்தது, உரிமை போனது ஐம்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. கிரீன் சாதாரணப் புகைப்படக்காரர்கூட அல்லர், மன்ரோவோடு சேர்ந்து தயாரிப்பு நிறுவனமே தொடங்கியவர். ஆனாலும் விளம்பரப் பொட்டலத்தில் போன படங்களின் கதை அதுதான்.

அமெரிக்கப் பழைய படங்களைக் கையாள்பவர்களுக்கு இந்த இடம் மிக முக்கியம். அங்கே 1978க்கு முன் உரிமைக் குறி இல்லாமல் வெளியான படம் பெரும்பாலும் பொதுச்சொத்து. குறியோடு வெளியாகி, 1964க்கு முந்தையதாக இருந்தால், 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை ஏராளம். புதுப்பித்திருந்தால் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. வெளியிடப்படாமலே பெட்டியில் கிடந்த நெகட்டிவுக்குக் கணக்கு தலைகீழ்: எடுத்தவரின் ஆயுளோடு 70 ஆண்டு. 1955இல் செய்தித்தாளில் வந்த படம் யாருக்கும் சொந்தமில்லாமல் போயிருக்கலாம். அதே நாளில் அதே கேமராவில் எடுத்து, யாரும் பார்க்காத படம் இன்னும் பத்திரமாக ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். பழைய வீட்டுப் பரணில் ‘இதுவரை யாரும் பார்க்காத’ நெகட்டிவ் கிடைத்தது என்று மகிழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த விளம்பர வாசகமே உரிமையாளர் கையில் சான்றாகிவிடும்.

மூன்று சொத்துகளில் மிச்சமிருப்பது தாள். இதில்தான் இணைய விற்பனையாளருக்கு நேரடியான ஆறுதல் இருக்கிறது. 1962 ஜூன் மாதத்தில் பெர்ட் ஸ்டெர்ன், வோக் இதழுக்காக லாஸ் ஏஞ்சல்ஸின் பெல்-ஏர் விடுதியில் மன்ரோவைப் படமெடுத்தார். சுமார் 2,500 படங்கள். பார்வைக்கு அனுப்பியவற்றில் பிடிக்காதவற்றின் மேல் மன்ரோ தம் கையாலேயே குறுக்குக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த சில வாரங்களில் இறந்தார். பிற்காலத்தில் ஸ்டெர்ன் அந்தக் குறுக்குக் கோடுகளோடேயே பெரிய பிரதிகள் போட்டார், அவற்றுக்குத்தான் சந்தையில் மதிப்பு. படத்தில் இருப்பவர் வேண்டாம் என்று அடித்த கோடே படத்தின் விலையை ஏற்றியது. இதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

ஸ்டெர்னிடம் கடைசிக் காலத்தில் உதவியாளர்களாக இருந்த இரட்டைச் சகோதரிகள், அவர் கையெழுத்திட்ட பிரதிகளை ஈபேயில் விற்றார்கள். 2013இல் அவர் இறந்த பின் அவருடைய மனைவியும் அறக்கட்டளையும் வழக்குப் போட்டார்கள். 2018இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் படங்களின் காப்புரிமை ஸ்டெர்ன் தரப்புக்கே என்றது. கூடவே, அவர் சம்மதத்தோடு அச்சாகி அவர் கொடுத்த பிரதிகளை அந்தப் பெண்கள் விற்பது காப்புரிமை மீறல் ஆகாது என்றும் சொன்னது. முறைப்படி உருவான பிரதி ஒருமுறை ஒருவர் கைக்குச் சொந்தமாகிவிட்டால், அந்தப் பிரதியை அவர் யாருக்கும் விற்கலாம். இதுவே முதல் விற்பனைக் கோட்பாடு. பழைய புத்தகக் கடை நடப்பதும் இதனால்தான்.

சரி, விற்பனைப் பக்கத்தில் படத்தைக் காட்டினால் அது இன்னொரு பிரதி ஆகாதா? ஆகும். பிரபலங்களைப் படமெடுத்து வந்த புகைப்படக்காரர் ஒருவர், தம் படங்கள் வந்த பழைய இதழ்களை ஈபேயில் விற்றவர்கள் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டதற்காக ஈபே மீதே வழக்குத் தொடுத்தார். கலிபோர்னியா நீதிமன்றம் 2015இல் அதை ஏற்கவில்லை. விற்கும் பொருளின் நிலையை வாங்குபவர் பார்க்க வேண்டும், அதற்காகக் காட்டுவது நியாயமான பயன்பாடு என்றது. மூலை மடிந்திருக்கிறதா, பின்புறம் பத்திரிகை முத்திரை இருக்கிறதா என்று தெரியாமல் யார் பணம் அனுப்புவார்கள்?

இந்தப் பாதுகாப்பு அந்த ஒரு தாளோடு நின்றுவிடுகிறது. மேசையில் வைத்து, ஓரங்கள் தெரிய, சிறிதாகப் படமெடுத்துப் போடுவது ஒன்று. ஸ்கேனரில் வைத்து உயர் தெளிவில் எடுத்து, கீறல் நீக்கி, கேட்பவருக்கெல்லாம் புதுப் பிரதி அச்சிட்டு அனுப்புவது முற்றிலும் வேறு. அல்லது கோப்பையே விற்பது. அங்கே முதல் விற்பனைக் கோட்பாடு ஓர் அங்குலம்கூடத் துணைக்கு வராது. நான் பார்த்தவரை விற்பனையாளர்கள் மாட்டுவது இந்த எல்லையில்தான், ‘ஒரிஜினலைப் பணம் கொடுத்து வாங்கினேனே’ என்ற நம்பிக்கையில். நெகட்டிவையே வாங்கியிருந்தாலும் காப்புரிமை அதோடு சேர்ந்து வராது. அமெரிக்கச் சட்டம் பொருளையும் காப்புரிமையையும் வெவ்வேறு சொத்தாக வைத்திருக்கிறது. உரிமையை எழுத்தில் மாற்றித்தர வேண்டும். 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மில்டன் கிரீனின் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் ஏலத்துக்கு வந்தபோது, காப்புரிமையும் சேர்த்தே விற்கப்படுகிறது என்று ஏல நிறுவனம் பெரிதாக விளம்பரம் செய்தது. வழக்கமாக அது சேராது என்பதால்தான் அந்த விளம்பரம்.

உரிமையாளர் புகார் கொடுத்தால் ஈபே பட்டியலை முதலில் நீக்கிவிடும். யார் சொல்வது சரி என்று அது விசாரணை நடத்துவதில்லை. அந்த நேரத்தில் விற்பவரிடம் இருக்க வேண்டியவை: எங்கே, எப்போது வாங்கினார் என்ற ரசீது, படத்தின் பின்புறத்தின் நகல், முன்பு எந்த இதழில் வந்தது என்ற விவரம். பின்புறம்தான் முன்புறத்தைவிட அதிகம் பேசும். முத்திரை, தேதி, ஒட்டிய தலைப்புச் சீட்டு, குறி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான். தொகுப்பாளர்கள் சிலர் பின்பக்க அழுக்கைத் துடைத்துச் சீட்டைப் பிரித்தெடுத்து ‘சுத்தம்’ செய்கிறார்கள். தங்கள் சான்றைத் தாங்களே குப்பையில் போடுகிறார்கள்.

எம்.ஜி.ஆர்., சாவித்திரி காலத்துப் படங்களை இங்கிருந்து விற்பவர்களுக்கு மேலே சொன்ன ஆண்டுக் கணக்குகள் பொருந்தா. இந்தியாவில் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2012 திருத்தத்தோடு அது போய்விட்டது, இப்போது புகைப்படக்காரரின் ஆயுளும் அவர் இறந்த பின் 60 ஆண்டும். திருத்தத்துக்கு முன்பே காலாவதியானவை மட்டும் திரும்பி வராது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்ற விதியும் இங்கே உண்டு. எனவே ஸ்டில் போட்டோகிராஃபரின் குடும்பத்திடம் அனுமதி வாங்கினால் போதும் என்று நினைப்பதற்கு முன், அன்றைக்குக் கூலி கொடுத்தது தயாரிப்பு நிறுவனமா, பத்திரிகையா என்று கேட்க வேண்டும். முகத்தின் உரிமை பற்றி, ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது தெளிவு: ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிகின்றன, அசையும் சொத்துபோல வாரிசுக்குப் போவதில்லை. அதனால் சென்னையில் பழைய நடிகர் படத்தை விற்பவர் முதலில் தேட வேண்டியது நடிகரின் வாரிசை அல்ல, படம் எடுக்கக் காசு கொடுத்தவரின் பில்லை.